ஆய்வறிக்கையில் 41 குறைகள்: விற்பவரிடம் எதைக் கேட்பது, எதை விடுவது?

கேள்வி: புதுக்குடி

சென்னை ஆதம்பாக்கத்தில் 14 ஆண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில், 940 சதுர அடி வீடு ஒன்றுக்கு விலை பேசி, ஒரு லட்ச ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். கிரய ஒப்பந்தம் இன்னும் எழுதவில்லை. பத்திரங்களை வக்கீல் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டார். வீட்டையும் விவரம் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும் என்று என் மனைவி வற்புறுத்தியதால், ஒரு சிவில் பொறியாளரை 9,000 ரூபாய்க்கு அமர்த்தினோம். அவர் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு, படங்களோடு 34 பக்க அறிக்கை அனுப்பியிருக்கிறார். மொத்தம் 41 குறைகள். அதைப் படித்த நாளிலிருந்து எங்களுக்குச் சரியான உறக்கமில்லை.

கதவுக் கீல் முனகுவது, கொசுவலை கிழிந்திருப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். எங்களைக் கலங்கவைத்தவை இவை. ஹாலின் ஒரு சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை, நான்கடி அகலத்துக்கு மட்டும் பெயின்ட் புதிதாக இருக்கிறது. அங்கே ஈரமானி வைத்தபோது மற்ற சுவர்களைவிட அளவு மிகவும் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. வீடோ ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. பொதுக் குளியலறையின் கூரையில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டமும், அதன் நடுவே உப்புப் பூத்த வெள்ளைக் கோடும் இருக்கின்றன. படுக்கையறையில் 11 டைல்களைத் தட்டினால் அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கிறது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மின்சாரப் பெட்டியில் இல்லை. சமையலறை சன்ஷேடின் அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கீழே கார் நிறுத்துமிடத்தின் உத்திரம் ஒன்றிலும் அதே நிலை.

விற்பவர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். “எல்லாவற்றையும் சரிசெய்து, பெயின்ட் அடித்தே சாவி தருகிறேன்” என்கிறார். என் மாமனாரோ, பழைய வீடு என்றால் அப்படித்தான் இருக்கும், வங்கியிலிருந்தே ஆள் வந்து மதிப்பீடு செய்யும்போது தனியாகப் பொறியாளர் எதற்கு என்று கேட்கிறார். இந்த 41 குறைகளில் எவற்றை விற்பவரிடம் கேட்பது நியாயம்? அவரே சரிசெய்து தருவதாகச் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: ரசமட்டம்

கட்டடப் பழுதுபார்ப்பிலேயே இருபது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். 41 என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். புத்தம் புதிய வீட்டில்கூட முப்பது குறை எழுதாத ஆய்வாளர் சரியாகப் பார்க்கவில்லை என்றே நான் நினைப்பேன். கீல் முனகுவதும் உத்திரத்தின் கம்பி துருப்பிடித்ததும் அறிக்கையில் ஆளுக்கொரு வரிதான். எது கனமானது என்பதைப் படிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர், கம்பி, மின்சாரம் ஆகியவற்றில் எதையாவது தொடுகிற குறையா என்பதை மட்டும் நான் பார்ப்பேன். அந்தச் சல்லடையில் சலித்தால் உங்கள் 41 குறைகள் ஐந்தாகச் சுருங்கிவிடும்.

அந்த ஐந்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஹால் சுவர். தரைத்தளமாக இருந்தால் மண்ணின் ஈரம் அஸ்திவாரம் வழியாக ஏறுகிறது என்று சொல்லலாம். இரண்டாம் தளத்தில் அதற்கு வழியே இல்லை. அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தண்ணீர் வரும் வழி பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். குளியலறைக்காக ஸ்லாபைத் தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தை உடைந்த செங்கல்லால் நிரப்பி, அதன் மேல் டைல் ஒட்டியிருப்பார்கள். டைல் இடுக்கோ, தரைத் தண்ணீர் வடியும் வாயான நஹானி ட்ராப்பின் விளிம்போ விட்டுப்போனால், குளிக்கும் தண்ணீர் பள்ளத்தில் தேங்கி, பக்கத்து அறைச் சுவரின் அடியில் தலைகாட்டும். இன்னொரு வழி, சுவருக்குள் புதைத்த குழாயின் மூட்டு கசிவது. யாரும் குளிக்காத வீட்டில் ஐந்து மாதம் கழித்தும் ஈரம் அவ்வளவு காட்டுகிறதென்றால், பள்ளத்தில் தேங்கிய பழைய தண்ணீரை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது என்றாலும், என் சந்தேகம் குழாயின் மேல்தான். மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழாயில் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். நல்ல பிளம்பரிடம் கையால் அடிக்கும் அழுத்தப் பம்பு இருக்கும். குழாய் வாய்களை அடைத்து, அழுத்தம் ஏற்றி, மானியின் முள்ளை ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். முள் இறங்கினால், ஒரு செங்கல்லைக்கூட உடைக்காமல் விடை கிடைத்துவிடும்.

குளியலறைக் கூரையின் பழுப்பு வட்டம் மேல்வீட்டுக் குளியலறையின் வேலை. வெள்ளைக் கோடு என்பது, கான்கிரீட் வழியாக இறங்கிய தண்ணீர் அதிலுள்ள சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக் கொண்டுவந்து விட்டுச்சென்ற தடம்; எனவே இது நேற்று தொடங்கியதல்ல. இதை உங்கள் வீட்டிலிருந்து யாராலும் சரிசெய்ய முடியாது. கீழிருந்து ரசாயனம் பூசித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். மேல்வீட்டு நஹானி ட்ராப்பை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சன்ஷேடைவிடக் கார் நிறுத்துமிடத்து உத்திரமே பெரிய செய்தி. சன்ஷேடு தன்னை மட்டும் தாங்குகிறது. உத்திரம் உங்கள் வீட்டையும் சேர்த்துத் தாங்குகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுவதால்தான் காரை பெயர்கிறது. கம்பியின் மேல் போதிய கான்கிரீட் மூடல் இல்லாததே பல இடங்களில் காரணம். தூண்களில் அந்த மூடல் 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது, நான் கொத்திப் பார்த்த பழைய தூண்கள் பலவற்றில் அதில் பாதிதான் இருந்தது. சிமென்ட் கலவையை அப்பி மூடுவது பழுதுபார்ப்பு ஆகாது. நல்ல கான்கிரீட் தென்படும்வரை கொத்தியெடுத்து, கம்பியின் பின்புறம் உட்பட துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பூசி, கம்பி மிகவும் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதிய கம்பி சேர்த்துக் கட்டி, அதன்பின் பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். ஒரே உத்திரத்தில் ஒரே இடம் என்றால் கவலை குறைவு. மற்ற தூண்களின் அடியிலும் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால், கான்கிரீட்டின் வலுவைக் கணிக்கும் ரீபவுண்டு சுத்தியல் சோதனை வைத்துப் பார்க்காமல் மேற்கொண்டு நகர வேண்டாம்.

ஆர்.சி.சி.பி. இல்லாததைச் சில ஆயிரம் ரூபாயில் முடித்துவிடலாம். 30 மில்லிஆம்பியர் வகையைப் போட்டு, எர்த்திங்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். 11 டைல்களை மறந்துவிடுங்கள். உடையாதவரை அவை அப்படியே கிடக்கட்டும்.

உங்கள் மாமனாருக்கு ஒரு வார்த்தை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், கடன் திரும்பாவிட்டால் இந்த வீடு எவ்வளவுக்கு விலைபோகும் என்று வங்கிக்காகப் பார்க்கிறார். குளியலறைக் கூரையை அவர் அண்ணாந்து பார்த்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அதேபோல், உங்கள் பொறியாளரும் சுவரைக் கொத்தியோ டைலைப் பெயர்த்தோ பார்க்கவில்லை. இன்னொருவருடைய வீட்டில் அதைச் செய்யவும் முடியாது. கண்ணுக்கும் கருவிக்கும் எட்டியதைத்தான் அறிக்கை சொல்லும். அதில் இல்லாத குறை வீட்டிலும் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதில்: ஐப்பசி

“சரிசெய்து பெயின்ட் அடித்தே தருகிறேன்” என்ற வாக்கியத்தை நான் ஒருமுறை கேட்டு ஏமாந்திருக்கிறேன் என்பதால், இதை மட்டும் எழுதிவிட்டுப் போகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் தென்சென்னையில் ஒரு பழைய வீடு வாங்கினேன். படுக்கையறையின் மேற்குச் சுவரில் ஓதம் இருந்தது. விற்றவர் ஆள் வைத்து, பூச்சை உடைத்து, நீர்த்தடுப்பு ரசாயனம் பூசி, மேலே பட்டி பார்த்து, இரண்டு கோட் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். மே மாதத்தில் பத்திரம் பதிந்தோம். சுவர் கண்ணாடிபோல் இருந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம் அடைமழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் சுவரில் கை வைத்தேன். பெயின்ட் அப்பளம்போல் கையோடு வந்துவிட்டது. அலமாரியின் பின்பலகை கறுத்து, என் மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. காரணம் வெளிப்பக்கத்தில், மழைநீர்க் குழாய் சுவரோடு சேரும் இடத்தில் இருந்த ஒரு விரல் அகல இடைவெளி. உள்ளே என்ன பூசினாலும் அது நின்றிருக்காது. சாரம் கட்டி வெளிச்சுவரைச் சரிசெய்ய எனக்கு 1,40,000 ரூபாய் ஆனது. விற்றவரிடம் கேட்டேன். “நான் கொடுத்தபோது நன்றாகத்தானே இருந்தது?” என்றார். அவர் பொய் சொன்னதாக இன்றும் நான் நினைக்கவில்லை.

வீட்டை விட்டுப் போகிறவருக்குச் சாவி கைமாறும் நாள்வரை தாங்கினால் போதும். நமக்கோ அது அடுத்த இருபது மழைக்காலம் தாங்க வேண்டும். எனவே அவரிடம் வேலை வாங்காதீர்கள். செலவை மதிப்பிட்டு, விலையில் குறைத்துக்கொண்டு, உங்கள் ஆளை வைத்து, நீங்கள் பக்கத்தில் நின்று செய்யுங்கள்.

பதில்: முத்திரைத்தாள்

மேலே சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். காரணம் தெரியாத குறைக்கு விலையைக் குறைத்துக்கொள்வது சூதாட்டம். ஹால் சுவரில் 15,000 ரூபாய் வேலையும் இருக்கலாம், குளியலறை முழுவதையும் உடைத்துக் கட்டும் வேலையும் இருக்கலாம். எனவே சோதனை முதலில், பேரம் பிறகு. அந்தச் சோதனைக்கு அனுமதிக்க மறுக்கிற விற்பனையாளரிடம், மறுப்பே பதில் என்று எடுத்துக்கொண்டு அட்வான்ஸைத் திரும்பக் கேட்கலாம்.

சட்டத்தின் பக்கம் வருகிறேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும் அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாமலும் இருக்கிற முக்கியமான குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. வெளிப்படுத்தாமல் விடுவது மோசடி என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் இது இரு முனையும் கூரான கத்தி. 34 பக்க அறிக்கை உங்கள் கையில் இருப்பதால், ஹால் சுவரைப் பற்றித் தெரியாது என்று பின்னாளில் நீங்கள் சொல்ல முடியாது. கண்டுபிடித்த குறைகளைப் பொறுத்தவரை சட்டம் கொடுக்கும் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இனி இல்லை. ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதிக்கொள்வதுதான் பாதுகாப்பு. மேலும், ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எழுதியிருந்தால் அதுவே செல்லும் என்பதால், “உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியடைந்து” என்ற வழக்கமான வரி நகலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆவண எழுத்தர்கள் அதைப் பழக்கத்தில் சேர்த்துவிடுவார்கள். அதை எடுக்கச் சொல்லுங்கள், அல்லது அறிக்கையில் குறிப்பிட்ட இன்னின்ன குறைகள் நீங்கலாக என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

ஏதேனும் ஒரு வேலையை அவரே செய்வதென்று முடிவானால், “சரிசெய்து தருவார்” என்று எழுதுவதில் பயனில்லை. எந்தச் சுவர், என்ன காரணம், எந்த முறையில், எந்தத் தேதிக்குள், யார் பார்த்து ஒப்புக்கொண்டால் முடிந்ததாகக் கொள்வது, முடியாவிட்டால் விலையில் எவ்வளவு கழிப்பது என்றெல்லாம் எழுதினால்தான் அது நிபந்தனை. விலைக் குறைப்பு என்றால் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வீட்டுக் கடனுக்கு ஒப்பந்த விலைதான் அடிப்படையாகப் போகும் என்பதால், கடன் ஒப்புதலுக்குப் பிறகு தொகையை மாற்றினால் வங்கியில் மீண்டும் வரிசையில் நிற்க நேரும்.

உத்திரம் பொதுப் பகுதி. அதைச் சரிசெய்யும் பொறுப்பு விற்பவருடையது மட்டும் அல்ல; குடியிருப்போர் சங்கத்தின் வழியாக எல்லா உரிமையாளர்களும் பங்கிட வேண்டியது. எனவே சங்கச் செயலாளரைப் பார்த்து, கடந்த இரண்டு ஆண்டுகளின் கூட்டக் குறிப்பேட்டைப் படிக்கக் கேளுங்கள். பெரிய பழுதுபார்ப்புக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தீர்மானம் போட்டிருந்தால், அந்தத் தொகை உங்கள் தலையில் விழும். பாக்கி இல்லை என்ற கடிதத்தையும், இதுவரை தீர்மானித்த வசூல் எதுவாயினும் விற்பவரே கட்டுவார் என்ற வரியையும் பெற்றுக்கொள்ளுங்கள். மேல்வீட்டுக் கசிவைப் பற்றியும் சங்கத்துக்கு விற்பவர் இப்போதே கடிதம் கொடுப்பது நல்லது. புதிதாக வந்தவர் வந்ததும் வராததுமாக மேல்வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட, பதினான்கு ஆண்டு அண்டைவீட்டார் கேட்பதற்கு மதிப்பு அதிகம்.

துணைக்கேள்வி: முதல்தளம்

நான் போரூர் பக்கம் கட்டுநரிடமிருந்து புதிய வீடு வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் சாவி. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக விரிசல் தெரிகிறது. இதே நெறிமுறைகள் எனக்கும் பொருந்துமா?

பதில்: முத்திரைத்தாள்

உங்கள் நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, வசதிகளிலோ குறை தெரியவந்து அதைக் கட்டுநருக்குத் தெரிவித்தால், அவர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும்; தவறினால் இழப்பீடு கேட்கலாம். எனவே உங்களுக்குக் கட்டுநரிடம் வேலை வாங்குவதே சரி. தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. மின்னஞ்சலோடு ஸ்பீடு போஸ்டும் அனுப்புங்கள். ஒப்படைப்புக் கடிதத்தில், “முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்” என்று அச்சிட்டிருந்தால், அதன் கீழேயே நிலுவைக் குறைகளை எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பதில்: ரசமட்டம்

தூண் ஓரத்து நேர்க்கோடு பெரும்பாலும் கான்கிரீட்டும் செங்கல்லும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் வருவது. பூசுவதற்கு முன் அந்த மூட்டின் மேல் கோழி வலை அடித்திருந்தால் வந்திருக்காது. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆபத்தில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நடுவில் அகன்றுகொண்டே போகிற விரிசல் என்றால் மட்டும் பொறியாளரை அழையுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். அது கோட்டைத் தாண்டி வளர்கிறதா என்று தெரிந்துவிடும்.

தொடர்ச்சி: புதுக்குடி

அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் விற்பவரின் அனுமதியோடு பிளம்பரை அழைத்துச் சென்றோம். ஹால் சுவரின் மறுபக்கம் குளியலறைதான். குளிர்நீர்க் குழாயில் அழுத்தம் ஏற்றியபோது முள் அசையவில்லை. கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயில் ஏற்றியபோது, நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் முள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. விற்பவரும் பக்கத்திலேயே நின்று பார்த்தார். வாடகைக்கு இருந்தவர்கள் ஈரம் என்று சொன்னபோதெல்லாம் தான் பெயின்டரையே அனுப்பியதாக அவரே ஒப்புக்கொண்டார். பழைய வெந்நீர்க் குழாயை அப்படியே கைவிட்டுச் சுவரின் மேலாகப் புதிய குழாய் ஓட்டுவது, சுவர்ப் பூச்சு, சன்ஷேடு, ஆர்.சி.சி.பி. எல்லாவற்றுக்கும் சேர்த்து 85,000 ரூபாய் என்று மதிப்பீடு வந்தது. விலையில் 80,000 குறைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். சங்கத்தில் உத்திரத்துக்கென்று ஏற்கெனவே வீட்டுக்கு 12,000 ரூபாய் தீர்மானித்திருப்பது குறிப்பேட்டைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அதையும் அவரே கட்டுகிறார். மேல்வீட்டுக்காரர்தான் இன்னும் தண்ணீர் கட்டிப் பார்க்கச் சம்மதிக்கவில்லை.

ஒரு சந்தேகம் மிச்சம். இது கோடைக்காலம். மழையில் கசிகிற வெளிச்சுவர் இப்போது எப்படித் தெரியும்?

பதில்: ரசமட்டம்

மேற்கையும் வடகிழக்கையும் பார்த்த சுவர்களில், ஜன்னல் சட்டத்தின் ஓரங்களிலும் குழாய்கள் சுவரைத் துளைக்கும் இடங்களிலும் ஹோஸ் குழாயால் அரைமணி நேரம் விடாமல் தண்ணீர் அடியுங்கள். கீழிருந்து தொடங்கி மேலே போனால்தான் எந்த மட்டத்தில் நுழைகிறது என்று பிரித்தறிய முடியும். உள்ளே ஒருவர் ஈரமானியோடு நிற்கட்டும். அலமாரிகளின் பின்பலகையையும் லாஃப்டின் உள்மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டர்கள் எட்டாத அந்த இடங்களில் பழைய மழையின் கறை அப்படியே இருக்கும். வேளச்சேரியை ஒட்டிய பகுதி என்பதால், 2015 டிசம்பரில் தண்ணீர் எந்த உயரம்வரை நின்றது என்று காவலாளியிடமோ தரைத்தளத்து வீட்டாரிடமோ கேட்டு, மின்மீட்டர் பலகை அதற்கு மேலே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மேல்வீட்டுக்காரர் பயப்படுவது செலவை நினைத்துத்தான். நஹானி ட்ராப்பைச் சுற்றி மட்டும் பிரித்துப் புதிதாகப் பதிப்பதில் முடிகிற வேலையாகவே பெரும்பாலும் இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். பத்திரப் பதிவுக்கு முந்தைய நாள் இன்னொருமுறை வீட்டுக்குப் போய், எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, அந்தப் பழுப்பு வட்டத்தின் விளிம்பு பழைய படத்தில் இருக்கும் இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.